ஜெர்மானியரின் புத்தாண்டு வாழ்த்து

ஒரு மொழியின் இலக்கணத்தை நூல்களிலிருந்து கற்றுவிடலாம். அதன் சொற்களை அகராதியிலிருந்து திரட்டிக்கொள்ளலாம். ஆயினும், அம்மொழி பேசும் மக்கள் தம்முள் கூறிக்கொள்ளும் வாழ்த்துரைகளின் உட்பொருளை அறிய வேண்டுமாயின், அவர்கள் வீட்டு வாயிலுக்குள்ளே சென்று, அவர்கள் திருநாளைக் கொண்டாடும் முறையைக் காணுதல் வேண்டும். அகராதி மட்டும் துணையாகக் கொண்டு ஜெர்மனிக்குச் செல்லும் ஒருவர், டிசம்பர்த் திங்களின் இறுதியில் பெரிதும் திகைப்புறுவார். கடையில் பொருள் வாங்கிக்கொண்டு புறப்படும்பொழுது, கடைக்காரர் புன்னகையுடன், 'நல்ல வழுக்கல்!' என்று அவரை வாழ்த்துவார். தெருவெங்கும் பனி உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் வழுக்கி விழாமல் நடப்பதே பெரும்பாடு. அக்காலத்தில் 'நன்றாக வழுக்குக' என்று வாழ்த்துவது முறையாகுமா?

அவ்வாழ்த்தின் முழு வடிவம், 'கூட்டன் ருட்ச் இன்ஸ் நொய்யெ யார்' என்பதாகும். 'புத்தாண்டிற்குள் நலமாக வழுக்கிச் செல்க' என்பது அதன் நேர்ப்பொருள். மக்கள் இதனைச் சுருக்கிக் 'கூட்டன் ருட்ச்' என்றே வழங்குவர். இவ்வாழ்த்திற்குக் கால வரையறை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்த பின்னர்த் தொடங்கி, டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு வரையில் மட்டுமே இதனைக் கூறலாம். கடிகாரம் பன்னிரண்டு அடித்துவிட்டால் இவ்வாழ்த்தின் காலம் முடிந்துவிடும். அதன் பின்னர், 'ஃப்ரோஹெஸ் நொய்யெஸ் யார்', அஃதாவது 'மகிழ்ச்சியான புத்தாண்டு' என்றுதான் கூறுதல் வேண்டும். முன்னது பயணத்திற்கு வாழ்த்து. பின்னது போய்ச் சேர்ந்தமைக்கு வாழ்த்து. பிறந்தநாளுக்கு ஒருநாள் முந்தி வாழ்த்துக் கூறுவதைக்கூடத் தீக்குறி என்று கருதும் மக்கள் ஜெர்மானியர். வாராத ஆண்டினை வந்ததாகக் கருதி வாழ்த்தாமல், வழிப்பயணத்தை மட்டும் வாழ்த்தும் அவர்தம் வழக்கம் அவர்கள் இயல்புக்குப் பொருத்தமாகவே உள்ளது.

இனி, 'ருட்ச்' என்னும் சொல் இவ்வாழ்த்தில் இடம்பெற்றது எங்ஙனம் என்பதைக் காண்போம். இதற்கு ஜெர்மானியர் பலர் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் தம் புத்தாண்டினை 'ரோஷ் ஹஷானா' என்பர். எபிரேய மொழியில் 'ரோஷ்' என்றால் தலை. 'ஆண்டின் தலை' என்பது அத்தொடரின் பொருள். யூதர் வாயிலிருந்து இச்சொல்லைக் கேட்ட ஜெர்மானியர், அதன் பொருள் அறியாது, ஓசையில் ஒத்த தம் சொல்லாகிய 'ருட்ச்' என்பதாக மாற்றிக்கொண்டனர் என்பதே அவ்விளக்கம். இது கேட்பதற்கு இனியது. ஒரே ஊரில் வாழ்ந்த இரு சமயத்தாரின் உறவினையும் நினைவூட்டுவது. ஆதலின் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் இதனை மறவாமல் எடுத்துக் கூறுகின்றன.

ஆயினும், இனிமை வேறு, உண்மை வேறு. மொழிநூலார் சிலர் இவ்விளக்கத்தை ஏற்றிலர். அவர்கள் கூறும் தடைகள் வலியன. யூதர்களின் புத்தாண்டு இலையுதிர் காலத்தில் வருவது. டிசம்பர் இறுதியில் வருவதன்று. மேலும், அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் புத்தாண்டு வாழ்த்து, 'நல்ல ஆண்டு' என்னும் பொருள்படவே அமைந்துள்ளது; 'நல்ல ரோஷ்' என்று வாழ்த்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவ்வாறாயின் வேறு விளக்கம் யாது? 'வழுக்குதல்' என்னும் பொருள் தரும் அதே ஜெர்மன் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேச்சு வழக்கில் 'பயணம்' என்னும் பொருளையும் தந்தது. பனிமேல் சறுக்குவண்டியில் செல்வோரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஊருக்குப் புறப்படுவோரை 'நல்ல பயணம்' என்று வாழ்த்தும் முறையிலேயே, பழைய ஆண்டிலிருந்து புதிய ஆண்டிற்குப் புறப்படுவோரையும் வாழ்த்தியிருக்கலாம். இவ்விளக்கத்தில் வியப்பு ஒன்றும் இல்லை. எனினும், வியப்பில்லாத விளக்கமே பெரும்பாலும் மெய்யாக இருப்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர் அறிவர்.

சொல்லாராய்ச்சி ஜெர்மானியர் பெரிதும் போற்றும் துறை. சிறுவர் கதைகளைத் திரட்டித் தந்த கிரிம் உடன்பிறந்தார் இருவரும் தொடங்கிய ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூத்தவராகிய யாக்கோப் கிரிம், 'எஃப்' என்னும் எழுத்தில் தொடங்கும் சொற்களை எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே 1863-இல் மறைந்தார். தலைமுறை தலைமுறையாகப் புலவர் பலர் தொடர்ந்து உழைத்து, நூறாண்டிற்குப் பின்னரே அப்பணியை முடித்தனர். ஒரு சொல்லின் வரலாற்றை அறிவதற்கு இத்துணைப் பொறுமை வேண்டும்போலும்!

ஆண்டின் இறுதி நாளுக்கு ஜெர்மானியர் இட்டுள்ள பெயரும் ஆராயத்தக்கதே. அந்நாளை அவர்கள் 'சில்வெஸ்டர்' என்பர். அஃது ஒரு மனிதரின் பெயர். ரோமாபுரியில் போப்பாண்டவராக விளங்கிய முதலாம் சில்வெஸ்டர், கி. பி. 335-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இயற்கை எய்தினார். கத்தோலிக்கத் திருச்சபை அந்நாளை அவருக்குரிய திருநாளாகக் கொண்டது. வெடியும் விருந்துமாக அந்நாளைக் கழிக்கும் இளைஞருள், அவரை நினைப்போர் மிகச் சிலரே.

அப்பெயர் ஆண்டிறுதியைக் குறிக்கலாயிற்றெனினும், ஆண்டின் இறுதி எந்நாள் என்பதிலேயே ஜெர்மனியில் ஒருமைப்பாடு இருந்ததில்லை. இடைக்காலத்தில் சில நகரங்கள் டிசம்பர் 25-இல் புத்தாண்டைத் தொடங்கின. வேறு சில இடங்களில் ஜனவரி முதல் நாளோ, ஆறாம் நாளோ ஆண்டுப் பிறப்பாயிற்று. பின்னர் 1582-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி, நாள்காட்டியில் நேர்ந்திருந்த பிழையைத் திருத்துவதற்காகப் பத்து நாள்களை நீக்கி ஆணையிட்டார். கத்தோலிக்கர் அதனை ஏற்றனர். புராட்டஸ்டண்டு சமயத்தாரோ, கணக்குச் சரியே என்றாலும் கட்டளையிட்டவர் போப்பாண்டவர் என்பதால் மறுத்தனர். இரு சமயத்தாரும் சேர்ந்து வாழ்ந்த ஆக்ஸ்புர்க் நகரில் இது பெரும் பூசலாக மூண்டது. ஆற்றின் இக்கரையில் புத்தாண்டு பிறந்து பத்து நாள் ஆன பின்னரே அக்கரையில் புத்தாண்டு பிறக்கும் நிலை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இறுதியாக 1700-ஆம் ஆண்டில் புராட்டஸ்டண்டு நாடுகளும் இணங்கின. அவ்வாண்டு அங்கே பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு உறங்கியோர், மார்ச் முதல் நாள் கண் விழித்தனர்.

அப்பூசலின் தழும்பு சுவிட்சர்லாந்தின் மலைநாட்டில் இன்றும் காணப்படுகிறது. ஜெர்மன் மொழி பேசப்படும் அப்பன்ஸெல் புறநாடு என்னும் பகுதி, புதிய நாள்காட்டியை 1798 வரை ஏற்கவில்லை. அங்குள்ள உர்னேஷ் முதலிய சிற்றூர்களில் ஆண்டிறுதி இருமுறை கொண்டாடப்படுகிறது; ஒருமுறை டிசம்பர் 31-இல், மறுமுறை பழைய கணக்கின்படி ஜனவரி 13-இல். அந்நாள்களில் ஆடவர் குழுக்களாகக் கூடி, முகமூடி அணிந்து, பெரும் மணிகளை உடலிற் கட்டிக்கொண்டு, பனி படர்ந்த மேடு பள்ளங்களில் வீடு வீடாகச் செல்வர். சிலருடைய தலையணிகளில் சிற்றூர் வாழ்க்கைக் காட்சிகள் மரத்திற் செதுக்கப்பட்டிருக்கும். சிலர் வைக்கோலும் இலைதழையும் போர்த்து அஞ்சத்தக்க உருவில் வருவர். ஒவ்வொரு வாயிலிலும் நின்று, சொற்களே இல்லாத ஓர் இசையைப் பாடி, வீட்டாருக்கு நல்லாண்டு வாழ்த்திச் செல்வர். அரசாங்கக் கட்டளையால் நாள்காட்டி மாறலாம்; பாட்டனார் காலத்து வழக்கம் அத்துணை எளிதாக மாறுமா?

ஆண்டின் தொடக்கம் பல நாள்களாக இருந்தமையால் எழுந்த தொடர் ஒன்று இன்றும் ஜெர்மன் மொழியில் வாழ்கின்றது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டிற்கும் இடைப்பட்ட நாள்களை அவர்கள் 'ட்ஸ்விஷன் டென் யாரன்' என்பர். 'ஆண்டுகளுக்கு இடையே' என்பது பொருள். சிலர் ஜனவரி 6 வரையிலும் இதனை நீட்டுவர். ஓராண்டு முடிந்த மறுநொடியே அடுத்த ஆண்டு தொடங்கிவிடுவதால், இரண்டிற்கும் இடையே நாள் ஏது என்று கணக்கறிந்தோர் வினவலாம். ஆனால் அந்நாள்களில் ஜெர்மன் நகரங்களைக் கண்டவர் அவ்வாறு வினவார். அலுவலகங்கள் பல அடைத்துக் கிடக்கும், தெருக்கள் அமைதியுறும், உறவினர் ஒருவரையொருவர் நாடிச் செல்வர். பழைய ஆண்டிற்கும் உரியதாகாமல், புதிய ஆண்டிற்கும் உரியதாகாமல், காலம் சற்றே இளைப்பாறுவது போலத் தோன்றும்.

முற்காலத்தில் அந்நாள்களின் பன்னிரண்டு இரவுகளையும் மக்கள் அச்சத்தோடு கழித்தனர். ஆவிகளின் கூட்டம் ஒன்று புயற்காற்றோடு வானில் வேட்டையாடித் திரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. அக்காலத்தில் துணி துவைத்துக் கொடியில் உலர்த்தலாகாது. உலர்த்தினால் அவ்வேட்டைக் கூட்டம் வெண்துகிலிற் சிக்கிக்கொள்ளும். அத்துகிலே வீட்டில் ஒருவருக்குப் பிணப்போர்வை ஆகும் என்று அஞ்சினர். இன்று அறிவியல் கற்ற பேரப்பிள்ளைகள் நகைக்கின்றனர்; எனினும், ஆண்டிறுதியில் துணி உலர்த்தாத பாட்டிமார் இன்னும் உளர்.

அச்சத்தை விடுத்து, இனி நற்குறிகளைக் காண்போம். புத்தாண்டுக் காலத்தில் கடைகளில் சிறு பன்றி உருவங்கள் குவிந்து கிடக்கும். வாதுமைப் பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் மார்சிபான் என்னும் இனிப்பினால் அப்பன்றிகளைச் செய்து, நண்பர்க்கு வழங்குவர். நல்வாய்ப்புப் பெற்ற ஒருவனை, 'அவன் பன்றி பெற்றான்' என்று கூறுவது ஜெர்மன் மொழியின் மரபு. முன்னாளில் ஊர்த் திருவிழாக்களில் நடந்த போட்டிகளில் கடைசியாக வந்தவனுக்கு ஆறுதற் பரிசாகப் பன்றி ஒன்றைக் கொடுத்தனர் என்றும், ஊரார் அவனை எள்ளி நகைத்தபோதிலும் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய இறைச்சியோடு அவன் வீடு சென்றான் என்றும் இதற்குக் காரணம் கூறுவர். நான்கு இலைகள் கொண்ட குளோவர்ச் செடி, குதிரை லாடம், சிவப்புக் காளான் ஆகியவையும் நற்குறிகளே. நற்பேறு உடையவனை 'நற்பேற்றுக் காளான்' என்றே அழைப்பர்.

இவற்றினும் வியப்புத் தருவது புகைபோக்கியைத் துப்புரவு செய்யும் தொழிலாளியின் சிறப்பு. கரிய உடையும் பளபளக்கும் பொத்தான்களும் அணிந்து வரும் அவரைப் புத்தாண்டன்று எதிரிற் காண்பது பெரும்பேறு; அவரது பொத்தானைத் தொடுவது அதனினும் பெரும்பேறு. மரவீடுகள் நெருங்கியிருந்த பழைய நகரங்களில், புகைபோக்கியிற் படியும் கரி தீப்பற்றினால் ஒரு வீடு மட்டுமன்று, தெருவே எரிந்து சாம்பலாகும். கரி அடைத்துக்கொண்டாலோ அடுப்பெரியாது. உணவும் இல்லை, வெப்பமும் இல்லை. இவ்விரு தீங்கினையும் நீக்கியவர் அவர். ஆதலின் அவர் வருகையை நல்வரவாக மதித்ததில் வியப்பில்லை. வீடுகளின் அடுப்புகளையும் புகைவழிகளையும் அவர் குறித்த காலத்தில் வந்து ஆய்தல் வேண்டும் என்பது இன்றும் ஜெர்மனியில் சட்டம்.

டிசம்பர் 31-ஆம் நாள் இரவில் வீட்டார் ஒன்றுகூடி வருங்காலம் பார்ப்பதும் வழக்கம். ஒரு கரண்டியில் சிறு காரீயத் துண்டை வைத்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்குவர். உருகியவுடன் அதனைக் குளிர்ந்த நீரில் சட்டென்று ஊற்றுவர். நீரிற்பட்ட உலோகம் நொடியில் இறுகி, எவரும் எதிர்பாராத வடிவம் கொள்ளும். அவ்வடிவத்தைச் சுடருக்கு முன்னே பிடித்து, சுவரில் விழும் நிழலைக் கண்டு பொருள் கூறுவர். உருண்டையாயின் நற்பேறு உருண்டு வரும். நங்கூரமாயின் இடுக்கண் வந்தபொழுது உதவி கிட்டும். மீனென்று தந்தை கூறுவதைப் படகென்று மகள் மறுப்பாள்; அவ்வழக்காடலே அவ்விளையாட்டின் பெரும்பயன்.

இவ்வழக்கத்திற்கு அண்மையில் ஓர் இடர் நேர்ந்தது. காரீயம் நஞ்சுடையது, அதன் ஆவியும் துகளும் உடலிற் சேர்ந்தால், வளரும் குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். ஆதலின் 0.3 விழுக்காட்டிற்கு மேல் காரீயம் கலந்த இத்தகைய பொருள்களை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டில் தடுத்தது. பழைய வழக்கத்தை அரசு அழிக்கின்றது என்று முணுமுணுத்தோர் உண்டு. ஆனால் வழக்கம் அழியவில்லை. காரீயம் 327 பாகை வெப்பத்தில் உருகுவது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே மக்கள் வெள்ளீயத்தையும் மெழுகையும் கைக்கொண்டனர். எனினும் அவ்விளையாட்டைப் 'ப்ளைகீஸன்', அஃதாவது 'காரீயம் வார்த்தல்' என்றே இன்றும் பலர் கூறுகின்றனர். பொருள் மாறிய பின்னரும் சொல் மாறாது நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

உணவைப் பற்றிச் சில சொற்கள் போதும். பருப்புக் கஞ்சி உண்டால், பருப்பின் அளவு காசு சேரும் என்பர். கெண்டை மீனின் செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் பை வறளாது என்பர். பழப்பாகு உள்ளே வைத்துப் பொரித்த பணியாரங்களைத் தட்டு நிறையப் படைப்பர். அவற்றுள் ஒன்றில் மட்டும் பாகுக்குப் பதில் கடுகு விழுதை வைத்துவிடுவது குறும்பர் வேலை.

நள்ளிரவில் வெடியும் வாணமும் வானை நிறைக்கும். அவற்றை ஆண்டின் கடைசி மூன்று வேலைநாள்களில் மட்டுமே கடைகளில் விற்கலாம். பதினெட்டு வயது நிரம்பியவரே வாங்கலாம். மருத்துவமனை, ஆலயம், முதியோர் இல்லம் ஆகியவற்றின் அருகே கொளுத்தலாகாது. தொற்றுநோய் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில், காயமுற்றோரால் மருத்துவமனைகள் மேலும் நிறைந்துவிடக் கூடாதென்று விற்பனையையே அரசு நிறுத்திவைத்தது. கைகளையும் கண்களையும் இழப்போரை எண்ணி, வெடியை முற்றிலும் விலக்குக என்று மருத்துவர் பலர் ஆண்டுதோறும் கேட்கின்றனர்; அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் புத்தாண்டை அறிவிப்பது வெடியன்று; மணி. புனித ஸ்டீபன் பேராலயத்தில் உள்ள 'பும்மரின்' என்னும் அம்மணி இருபது டன்னுக்கு மேல் எடையுள்ளது. 1683-இல் துருக்கியர் முற்றுகையிட்டுத் தோற்றோடியபொழுது விட்டுச்சென்ற பீரங்கிகளை உருக்கி, 1711-இல் முதல் மணியை வார்த்தனர். உலகப் போரின் இறுதியில், 1945 ஏப்ரலில், ஆலயம் தீப்பற்றியபொழுது அது வீழ்ந்து உடைந்தது. அவ்வுடைந்த உலோகத்தையே மீண்டும் உருக்கி 1951-இல் புதிய மணி செய்தனர். நள்ளிரவில் அதன் ஓசை வானொலியில் ஒலித்து ஓய்ந்ததும், 'நீல டான்யூப்' என்னும் நடன இசை எழும். ஆலயத்தின் முன்னே மக்கள் இணை இணையாக ஆடத் தொடங்குவர்.

ஜெர்மனியில் அவ்விரவுக்குரிய மற்றொரு வழக்கம் தொலைக்காட்சியால் வந்தது. 1963-இல் ஹாம்புர்க் நகர நிலையம் பதினெட்டு நிமிட நகை நாடகம் ஒன்றைப் படம்பிடித்தது. ஆங்கில நடிகர் இருவர் ஆங்கிலத்திலேயே நடித்தது அது. தொண்ணூறாம் பிறந்தநாள் கொண்டாடும் மூதாட்டி ஒருத்தி விருந்துக்கு நண்பர் நால்வரை அழைக்கின்றாள்; நால்வரும் இறந்து பல்லாண்டுகள் ஆயின. முதிய பணியாளே நால்வர் இருக்கைக்கும் சென்று, நால்வர் குரலிலும் பேசி, நால்வர் கிண்ணத்தையும் பருகித் தள்ளாடுகின்றான். 1972 முதல் ஆண்டிறுதி தோறும் இது காட்டப்படுகிறது. ஒவ்வோர் உணவு படைக்கும் முன்னும், சென்ற ஆண்டு செய்தது போலவே செய்யட்டுமா என்று அவன் கேட்கும் கேள்வி ஜெர்மானியரிடையே பழமொழி போல வழங்குகிறது. ஆங்கிலேயருட் பலர் அந்நாடகத்தின் பெயரையே அறியார்.

அந்நாடகம் படமான அதே 1963-ஆம் ஆண்டின் இறுதி, பெர்லின் மக்களுக்கு வேறொரு வகையில் மறக்கவொண்ணாததாயிற்று. 1961 ஆகஸ்டு 13-ஆம் நாள் அந்நகரின் நடுவே கிழக்கு ஜெர்மன் அரசு தடைவேலி எழுப்பியது. விரைவில் அது மதிலாயிற்று. தாய் ஒரு புறம், மகன் ஒரு புறம். மேற்கு பெர்லின் மக்கள் கிழக்கே சென்று உறவினரைக் காணுதல் இயலாததாயிற்று. இருபத்தெட்டுத் திங்கள் கழிந்த பின்னர், 1963 டிசம்பர் 17-இல் இரு தரப்பாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை, கிழக்கே உறவினர் உடைய மேற்கு பெர்லின் மக்கள் அனுமதிச்சீட்டுப் பெற்று ஒருநாள் சென்று வரலாம் என்பது அதன் சாரம். சீட்டு வழங்கும் இடங்களில் மக்கள் கடுங்குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றனர். பதினெட்டே நாள்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் பன்னிரண்டு லட்சம் முறை மதிலைக் கடந்து சென்று வந்தனர். பேரனைப் பாட்டி முதன்முறையாகக் கண்ட வீடுகளும் அவற்றுள் இருந்திருக்கும்.

டிசம்பர் இறுதியில் பிரியும் நண்பர்கள், 'இனி அடுத்த ஆண்டுதான் சந்திப்போம்' என்று கூறி நகைப்பது ஜெர்மானியர் வழக்கம். இடையே உள்ளது இரண்டொரு நாள்தான் என்பது அதன் வேடிக்கை. அவ்வாண்டு பெர்லின் எல்லைச் சாவடிகளில் அதைச் சொன்னவர்க்கு நகைப்பு வந்திராது. ஜனவரி 5-ஆம் நாள் இரவு, சீட்டுகளின் காலம் முடிந்தது. பின்னர் 1966 வரை சிற்சில உடன்படிக்கைகள் அவ்வப்பொழுது ஏற்பட்டன. பிறகு அவையும் நின்றன. 1989 நவம்பரில் மதில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, பிராண்டன்புர்க் வாயிலின் இரு புறத்து மக்களும் பல்லாயிரக் கணக்கில் அங்கே திரண்டனர். இளைஞர் மதிலின்மேல் ஏறி நின்றனர். பன்னிரண்டு மணி அடித்தபொழுது, கிழக்கிலிருந்து வந்தவர் யார், மேற்கிலிருந்து வந்தவர் யார் என்று எவரும் சீட்டுக் கேட்கவில்லை.